கொயினா மரம் நீலகிரி ஏறிய கதை

ஊட்டி தாவரவியல் பூங்காவின் புல்வெளியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாத தமிழ்க் குடும்பம் அநேகமாக இருக்காது. அந்தப் பூங்காவை அமைத்தவர் யார் என்று கேட்டால் 'யாரோ ஒரு வெள்ளைக்காரர்' என்பதோடு பலருக்கும் கதை முடிந்துவிடும். அவர் பெயர் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர். லண்டன் க்யூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற தோட்டக்காரர். 1848ல் ஊட்டிக்கு வந்தவர், 1876ல் இறக்கும் வரை நீலகிரியை விட்டுப் போகவில்லை. பூங்கா அவருடைய முதல் வேலை. பெரிய வேலை அதற்குப் பிறகுதான் வந்தது: சில நூறு செடிகளைப் பத்து லட்சம் மரமாக்கும் வேலை.

அந்தச் செடி சின்கோனா. நம் ஊர்ப் பெரியவர்கள் வாயில் 'கொயினா'. குளிர்காய்ச்சல் வந்தால் கொடுப்பார்களே, நாக்கில் பட்டாலே முகம் கோணும் அந்தக் கசப்பு, அதேதான். இந்த மரத்தின் பட்டையில்தான் குவினைன் இருக்கிறது. 1820ல் பாரிஸில் பெல்லட்டியேர், கவெந்து என்ற இரண்டு மருந்தாளர்கள் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு முன்பும் சுமார் இருநூறு வருடமாக ஐரோப்பா பட்டைத் தூளைத்தான் காய்ச்சலுக்கு விழுங்கிக்கொண்டிருந்தது. (பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. பெரு நாட்டு வைஸ்ராயின் மனைவி சின்சோன் சீமாட்டிக்கு இந்தப் பட்டையால் காய்ச்சல் குணமானதாக ஒரு கதை. அதை நம்பி லின்னேயஸ் அவர் பெயரையே மரத்துக்கு வைத்தார், அதிலும் ஒரு எழுத்தை விட்டுவிட்டார். பிற்காலத்தில் ஆராய்ந்து பார்த்ததில் அந்தக் கதையே பொய். பெயர் மட்டும் நின்றுவிட்டது!)

மரம் இருந்ததோ தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச் சரிவுகளில் மட்டும். காய்ச்சலோ இந்தியா முழுக்க. பட்டைக்கு வெட்டுபவர்கள் மரத்தையே சாய்த்துவிடுவார்கள், புதிதாக நடுவதில்லை. விலை ஏறிக்கொண்டே போயிற்று. 'இப்படியே காசு கொட்டிக்கொண்டிருப்பதற்குப் பதில் மரத்தையே இந்தியாவுக்குக் கொண்டு வந்தால் என்ன?' இந்தக் கேள்வியை லண்டன் இந்தியா ஆபீஸில் வேலை பார்த்த கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற இளைஞர் கையில் எடுத்தார். 1859ன் இறுதியில் பெருவுக்குக் கப்பல் ஏறினார்.

மார்க்கத்தின் சொந்தப் பயணம் ஒரு தோல்விக் கதை. உள்ளூர்க்காரர்களின் எதிர்ப்புக்கு நடுவில், துரத்தாத குறையாக மலையிலிருந்து இறங்கி, கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளைக் கொண்டு வந்தார். வார்ட் என்ற லண்டன் டாக்டர் கண்டுபிடித்த பெட்டி அது. உள்ளே இருக்கும் ஈரமே ஆவியாகித் திரும்பச் செடிக்கு வரும், கடல் காற்றின் உப்பு படாது. ஆனால் செங்கடல் வெயிலுக்கு அந்தப் பெட்டியும் தாங்கவில்லை. 1860 இறுதியில் ஊட்டி வந்து சேர்ந்த அவருடைய செடிகள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

பிழைத்தது இன்னொருவர் சேகரித்தது. ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் என்ற தாவரவியலாளர் அப்போது ஈக்வடாரில் இருந்தார். பத்து வருடத்துக்கு மேல் அமேசான் காட்டில் அலைந்து உடம்பு கெட்டுப்போய், கால் சரியாக நடக்கவொண்ணாத நிலை. அந்த நிலையிலும் சிம்போராசோ மலையடிவாரத்துக் காட்டுக்குப் போய் 1860ல் பல மாதம் தங்கினார். இவர் திருடவில்லை என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். காட்டுக்குச் சொந்தக்காரர்களுக்கு 400 டாலர் கொடுத்து, விதையும் செடியும் வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம், பட்டையைத் தொடக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டார். ஒரு நாட்டின் பெரிய செல்வம் 400 டாலருக்குப் போனது வியாபாரக் கணக்கில் சரியாக இருக்கலாம், நியாயக் கணக்கில் சரியா என்பது வேறு விஷயம். ஈக்வடார் அரசு விதை, செடி ஏற்றுமதியைத் தடை செய்தது 1861ல். பறவை பறந்த பிறகு கூண்டுக்குப் பூட்டு!

ஸ்ப்ரூஸுக்குத் துணையாக வந்தவர் ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர். அந்தக் காட்டிலேயே ஒரு நாற்றங்கால் போட்டு ஆயிரத்துக்கு மேல் போத்து நட்டார். நம் ஊரில் முருங்கைப் போத்து வெட்டி நடுகிறோமே, அதே வேலைதான். கம்பளிப்புழு, பூஞ்சை எல்லாம் தின்றது போக மிஞ்சியதை அள்ளி, பெட்டிகளில் அடுக்கி, கட்டுமரத் தெப்பத்தில் ஏற்றி ஆற்று வழியாகத் துறைமுகத்துக்குக் கொண்டு வந்தார்கள். வழியில் கரையோர மரங்களில் தெப்பம் மோதிக் கூரையே பிய்ந்தது. கிளம்பும்போது 637 செடி. 1861 ஏப்ரலில் கிராஸ் ஊட்டியில் மெக்ஐவரிடம் ஒப்படைத்தது 463. இது தவிர சுமார் ஒரு லட்சம் விதை தனியாக அனுப்பப்பட்டிருந்தது. அதில் ஒரு பங்கு முன்னதாகவே ஊட்டிக்கு வந்து முளைக்கவும் ஆரம்பித்துவிட்டது.

இனி மெக்ஐவரின் காலம்.

சின்கோனா விதை தூசி மாதிரி. ஒரு கிராமில் ஆயிரக்கணக்கில் இருக்கும், காற்றில் பறக்க மெல்லிய இறகு வேறு. ஆழமாகப் போட்டால் முளைக்காது, ஈரம் கூடினால் அழுகும், வெயில் பட்டால் கருகும். அதைவிடப் பெரிய சிக்கல், விதையில் பிறக்கும் பிள்ளை தாயைப் போலவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்தப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத சாதி, பக்கத்து மரத்தின் மகரந்தம் வேண்டும். பக்கத்தில் வேறு இனம் நின்றால் கலப்புதான். நீலகிரியில் பிற்பாடு இரண்டு இனம் கலந்து தானாகவே ஒரு புது வகை உண்டாகி, எந்த மரம் எது என்று அடையாளம் சொல்வதே பெரும்பாடாயிற்று.

போத்தில் இந்தத் தொல்லை கிடையாது. நல்ல முருங்கையின் போத்து நட்டால் அதே காய், அதே ருசி. மெக்ஐவர் இதை எல்லை வரை கொண்டு போனார். கிளையை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியம் போட்டார். கிளையைத் துண்டு துண்டாக்கிப் போத்து நட்டார். கடைசியில் ஒரே ஒரு இலை, அதன் அடியில் ஒரே ஒரு மொட்டு, அவ்வளவு சிறிய துண்டிலிருந்தும் முழுச்செடியை எழுப்பினார். ஒரு கிளையில் எத்தனை இலையோ அத்தனை செடி! வளர்ந்த செடியிலிருந்து மறுபடி வெட்டு, மறுபடி நடு. வட்டிக்கு வட்டி போடும் கணக்கு மாதிரிதான். இந்த வித்தையை விளக்கி 1863ல் ஒரு சிறு புத்தகமே எழுதினார். 1860களின் நடுவிலேயே நீலகிரித் தோட்டங்களில் செடிகளின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

நட்ட இடங்கள் முக்கியமாக இரண்டு. ஊட்டிப் பூங்காவுக்குப் பின்னால் ஏறும் தொட்டபெட்டா சரிவு ஒன்று. கூடலூர் சாலையில் உள்ள நடுவட்டம் இன்னொன்று. உயரமும் குளிரும் கூடிய தொட்டபெட்டாவில் சின்ன இலை கொண்ட அஃபிசினாலிஸ் இனம். கொஞ்சம் இறங்கி, சற்று வெதுவெதுப்பான நடுவட்டத்தில் ஸ்ப்ரூஸ் அனுப்பிய செம்பட்டை, அதாவது சக்கிரூப்ரா. பட்டையைக் கீறினால் வடியும் பால் கொஞ்ச நேரத்தில் சிவப்பாக மாறும், பெயருக்குக் காரணம் அதுதான். பெரிய அகன்ற இலை, முற்றினால் அதுவும் சிவக்கும். இந்தத் தோட்டங்களுக்காகச் சோலைக்காடுகள் வெட்டப்பட்டன. நீலகிரியில் எந்தத் தோட்டத்தின் கதையை எடுத்தாலும் இந்த ஒரு வரி வந்தே தீரும்.

வேலைக்கு ஆள்? இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் வருகிறது. மலாயா பக்கத்து ஆங்கிலேயக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணத்துச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் நடுவட்டத்துக்குக் கொண்டு வரப்பட்டு, கொயினாத் தோட்டத்தில் வேலை வாங்கப்பட்டார்கள். விடுதலைக்குப் பிறகு சிலர் ஊர் திரும்பவில்லை. தமிழ்ப் பெண்களை மணந்து, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவில் காய்கறியும் காப்பியும் பயிரிட்டு, மாடு வைத்துப் பிழைத்தார்கள். அந்தக் குடும்பங்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அவருக்கு அவர்கள் மூக்கையும் தலையையும் அளப்பதில் இருந்த அக்கறை, அவர்கள் இங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள், என்னவெல்லாம் பட்டார்கள் என்பதில் இல்லை!

மரம் வளர்ந்தாயிற்று. பட்டையை எடுப்பது எப்படி? ஆண்டீஸில் செய்த மாதிரி வெட்டிச் சாய்த்தால் ஒரு தடவையோடு சரி. மெக்ஐவர் ஒரு வழி கண்டார். நிற்கும் மரத்திலிருந்து பட்டையை நீள நீள நாடாவாக, ஒன்றுவிட்டு ஒன்றாக உரித்து எடுப்பது. உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டிவிடுவது. நீலகிரி ஈரத்தில் பாசிக்கா பஞ்சம்? பாசிக்கு அடியில் புதுப்பட்டை வளர்ந்துவிடும். அடுத்த முறை மிச்சம் விட்ட நாடாக்களை எடுக்கலாம். இதில் எதிர்பாராத லாபம் என்னவென்றால், இப்படி வளர்ந்த புதுப்பட்டையில் மருந்துச் சத்து பழையதைவிடக் கூடுதலாக இருந்தது. அசல் அப்படியே இருக்க வட்டி மட்டும் எடுத்துக்கொள்ளும் முறை.

இவ்வளவும் படிக்கும்போது இது ஒரு முழு வெற்றிக் கதை என்று தோன்றும். இல்லை. மெக்ஐவரின் திறமை பெருக்குவதில். ஆனால் எதைப் பெருக்குவது என்ற முடிவு வேறு இடத்தில், எந்த மரத்தின் விதை கைக்குக் கிடைத்ததோ அங்கேயே முடிந்துபோனது. தப்பான மரத்தைப் பெருக்கினால் தப்பும் சேர்ந்தே பெருகும்.

இதற்கு ஜாவாவில் டச்சுக்காரர்கள் பட்ட பாடே சாட்சி. அவர்கள் ஆங்கிலேயர்களுக்கு முந்திக்கொண்டு 1854லேயே செடியைக் கொண்டு வந்துவிட்டார்கள். செழிப்பாக வளர்ந்த ஒரு இனத்தைப் பார்த்து மகிழ்ந்து, பத்து லட்சத்துக்கு மேல் பெருக்கினார்கள். அதற்குத் தங்கள் அமைச்சர் பாஹூட் பெயரையே வைத்து பாஹூடியானா என்று அழைத்தார்கள். பட்டையைப் பகுத்துப் பார்த்தால் குவினைன் இல்லாத குறை! பத்து லட்சம் விறகு மரம். போதாததற்கு அடர்ந்த காட்டு நிழலில் வேறு நட்டு வைத்திருந்தார்கள். நிழல் வேண்டாம், திறந்தவெளியில் நடு என்பது மெக்ஐவரின் கட்சி. அவர் பக்கம்தான் சரி என்று மரங்களே காட்டின.

நீலகிரியின் செம்பட்டை அந்த அளவுக்கு மோசமில்லை. அதில் மொத்தச் சத்து தாராளம். ஆனால் அந்தச் சத்தில் குவினைன் பங்கு குறைவு. சின்கோனிடின், சின்கோனின் என்ற உறவுக்காரச் சரக்குகளே அதிகம். லண்டன் சந்தையில் பட்டைக்கு விலை குவினைன் சதவீதத்தை வைத்துத்தான். மற்றதெல்லாம் கழிவு மாதிரி.

அது உண்மையிலேயே கழிவா? 1866ல் இதைச் சோதிக்க ஒரு குழு போட்டார்கள். குவினைனோடு மற்ற மூன்று சத்துகளையும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மற்ற சத்துகளைக் கொடுத்த 2,472 பேரில் குணமாகாதவர்கள் 27 பேர் மட்டும். கிட்டத்தட்ட நான்குமே ஒரே மாதிரிதான் வேலை செய்தன. அதாவது சந்தை மதிக்காத செம்பட்டை, காய்ச்சலுக்கு அருமையான மருந்து. 'இந்திய ஏழைக்கு மலிவான காய்ச்சல் மருந்து' என்றுதானே திட்டத்தை ஆரம்பித்தார்கள்? அதற்கு நீலகிரி மரம் தாராளமாகப் போதும். ஆனால் தோட்டத்தின் லாப நட்டக் கணக்கு எழுதுகிற இடத்தில் லண்டன் ஏல விலைதான் பேசியது. நோக்கம் ஒன்று, அளவுகோல் வேறு. வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அந்த ஏலச் சந்தையை ஜெயிக்கும் விதை ஒருமுறை ஆங்கிலேயர்களின் வாசலுக்கே வந்தது. தென் அமெரிக்காவில் இருந்த சார்லஸ் லெட்ஜர் என்ற வியாபாரியிடம் மானுவல் இன்க்ரா மமானி என்ற பழங்குடி வேலையாள் இருந்தார். மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் இது நல்ல பட்டை, இது வெத்து என்று சொல்லக்கூடியவர். எந்தக் கல்லூரியும் படிக்கவில்லை. பொலிவியக் காட்டில் தான் தேர்ந்தெடுத்த மரங்கள் பனியில் கருகாமல் விதை கொடுப்பதற்காக வருடக்கணக்கில் காத்திருந்து, 1865ல் கொண்டு வந்து கொடுத்தார். லெட்ஜர் அதை லண்டனில் இருந்த தம்பிக்கு அனுப்பினார். பிரிட்டிஷ் அரசு வாங்க மறுத்தது. டச்சு அரசு ஒரு பவுண்டு எடை விதையை 100 பிராங்குக்கு வாங்கியது.

மிச்ச விதை என்ன ஆனது? மணி என்ற பெயர் கொண்ட ஒரு ஆங்கிலேயத் தோட்ட முதலாளி (நம்ம ஊர் மணி இல்லை!) அதை வாங்கி இந்தியாவுக்குக் கொண்டு வந்து, நீலகிரி அரசுத் தோட்டத்தில் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு... செம்பட்டை விதையை வாங்கிக்கொண்டு போனார்! ஆக, அதே புதையலில் ஒரு பங்கு மெக்ஐவர் கைக்கும் வந்தது. ஆனால் நீலகிரியில் அது பெரிதாக எடுபடவில்லை. ஜாவாவிலோ 1870களில் பகுத்துப் பார்த்தபோது அந்த மரங்களில் சில 10 சதவீதத்துக்கு மேல் குவினைன் காட்டின. பாஹூடியானாவில் சூடு பட்ட டச்சுக்காரர்கள் இந்தத் தடவை ஒவ்வொரு மரமாகச் சோதித்தார்கள். சத்து குறைந்ததை வெட்டி எறிந்தார்கள். கலப்பு வராமல் தோட்டத்தைத் தனித்து வைத்தார்கள். லெட்ஜேரியானா வளர்வதில் கொஞ்சம் நோஞ்சான். அதனால் முரட்டு உடம்புள்ள செம்பட்டை வேரின் மேல் லெட்ஜேரியானாவை ஒட்டுக் கட்டினார்கள். நீலகிரியில் தலையாக நின்ற மரம் ஜாவாவில் காலாக மட்டும் பயன்பட்டது.

மமானியின் முடிவைச் சொல்லாமல் விட முடியாது. விதை கடத்திய குற்றத்துக்காக பொலிவியாவில் பிடிபட்டு, சிறையில் அடித்து நொறுக்கப்பட்டு, 1871ல் இறந்தார். மரத்துக்கு லெட்ஜர் பெயர்தான்.

1870களின் பிற்பகுதியில் குவினைன் விலை உச்சத்தில் இருந்தது. அதைப் பார்த்து நீலகிரியிலும் இலங்கையிலும் தனியார் தோட்டக்காரர்கள் மடமடவென்று சின்கோனா நட்டார்கள். காப்பியை இலைத்துரு நோய் அழித்துக்கொண்டிருந்த காலம், கைக்குக் கிடைத்த கொம்பைப் பிடித்தார்கள். இலங்கையில் 1886ல் மட்டும் சுமார் ஒன்றரைக் கோடி பவுண்டு பட்டை கப்பல் ஏறியது. எல்லோரும் ஒரே நேரத்தில் பட்டையோடு சந்தைக்கு வந்தால் என்ன நடக்கும்? 1890 வாக்கில் குவினைன் விலை பழைய விலையில் பத்தில் ஒரு பங்காக விழுந்தது. மரத்தைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். குன்னூர், கோத்தகிரியில் இன்று பச்சைக் கம்பளம் மாதிரி தெரியும் சரிவுகளுக்கு இப்படி ஒரு முன்கதையும் உண்டு.

அரசுத் தோட்டம் மட்டும் தாக்குப்பிடித்தது. நடுவட்டத்திலேயே ஒரு குவினைன் தொழிற்சாலை வைத்தார்கள். விலை விழுந்ததில் ஒரு நன்மை, மருந்து ஏழைக்கு எட்டும் விலைக்கு வந்தது. வங்காளத்தில் 1892ல் ஒரு பைசாவுக்கு ஒரு குவினைன் பொட்டலம் என்று தபால் ஆபீஸிலேயே விற்க ஆரம்பித்தார்கள்.

இன்னொரு முரண். 1897ல் ரொனால்ட் ராஸ் விடுப்பில் ஊட்டிக்கு வந்தார். கொயினா மலையின் அடிவாரமான சீகூர் மலைப்பாதைக்கு மலேரியாவை ஆராய இறங்கிப் போனவர் அங்கே மலேரியாவையே வாங்கிக்கொண்டு திரும்பினார்! அதே வருடம் ஆகஸ்ட் 20ல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார்.

ஜாவா 1930களில் உலகக் குவினைனில் பத்தில் ஒன்பது பங்கை வைத்திருந்தது. 1942ல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் அத்தனையும் ஒரே நாளில் எதிரி கைக்குப் போயிற்று. போர்முனையில் சிப்பாய்கள் மலேரியாவில் விழ, இந்திய மலைகளில் மிச்சம் நின்ற சின்கோனாவுக்கு மறுபடி மவுசு வந்தது. அதுவும் சில வருடம்தான். போர் முடிந்ததும் குளோரோகுயின் மாத்திரை வந்து பட்டையை ஓரங்கட்டியது.

நடுவட்டத்தில் இன்று அரசின் டான்டீ தேயிலைத் தொழிற்சாலை நிற்கிறது. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968ல் தொடங்கப்பட்ட திட்டம்தான் டான்டீ. அந்தத் தொழிற்சாலை வளாகத்துக்குள்ளேயே பழைய சிறைக் கட்டடமும் இருக்கிறது, பார்வையாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். வால்பாறைப் பக்கம் அரசு பிற்காலத்தில் கொயினா பயிரிட்ட இடத்திலும் இப்போது தேயிலைதான். ஊருக்குப் பெயர் மட்டும் இன்னும் சின்கோனா.